உள்ளே குடிக்கக் கூடாது

எனக்கு வாய் அதிகம் என்று பினாங்கில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் பார் நடத்திய தமிழ்ப் பொம்பளைக்கு வாய்தான் பாதி முதல். மீதி முதல் என் வீட்டுக்காரர் விட்டுப்போன எட்டு மேசையும், சுவரில் தொங்கிய ஏர்கானும், பின்கட்டில் ஒரு சமையலறையும்.

அவர் மாரடைப்பில் போனபோது லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. காரியம் முடிந்த கையோடு அதை என் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதிப் போட்டேன். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

"பொம்பள பேர்ல சாராயக்கடையா?" என்று ஒரு மாமா கேட்டார்.

"சாராயக்கடை இல்ல மாமா, பார். நீங்க வந்து ஓசியில குடிச்சிட்டுப் போவீங்களே, அதே பார்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாற்றல் முடியும்வரை கையில் ஒரு தற்காலிகத் தாள் மட்டும் கொடுத்திருந்தார்கள். அது போனால் பாரை இழுத்து மூட வேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது. இன்னொருத்தர் கடையில் கைகட்டி நிற்கவும் வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏர்கான் போட்ட பார்களில் இனி யாரும் புகைபிடிக்கக் கூடாதாம். வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டுமாம். படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஆட்கள் பீர் இல்லாமல்கூட ஒரு மணி நேரம் உட்காருவார்கள், ரோக்கோ இல்லாமல் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள். சிகரெட்டை நாங்கள் ரோக்கோ என்றுதான் சொல்வோம். மலாய்ச் சொல்தான், எங்கள் வாயில் எப்போதோ தமிழாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஐந்து பார்கள் இருந்தன. நான்கு சீனர்களுடையவை, ஒன்று என்னுடையது. முனைப் பாரின் தவுக்கே, அதாவது அதன் முதலாளி, ஒரு காலையில் எங்கள் எல்லாரையும் தன் கடைக்குக் கூப்பிட்டார். பருத்த மனிதர். ஒரு ரோக்கோவை அணைக்காமல் அதிலிருந்தே அடுத்ததைப் பற்றவைப்பார். அவருக்கும் எனக்கும் பொதுவான பாஷை மலாய்தான்.

"பலகை மாட்டினால் வியாபாரம் படுத்துவிடும், மாட்டாவிட்டால் அபராதம். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

மற்ற மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள். எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த யோசனையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் பேச்சில் டீயும் குடிப்போம், கஞ்சியும் குடிப்போம், பீரும் குடிப்போம், ரோக்கோவும் குடிப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். "உள்ளே குடிக்கக் கூடாது" என்று தமிழில் எழுதி மாட்டுவோம் என்றேன். அதிகாரி கேட்டால் ரோக்கோ குடிக்கக் கூடாது என்று அர்த்தம் சொல்லலாம். படிக்கிற வாடிக்கையாளன் பீர் குடிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டு உள்ளே வருவான். பாருக்குள் குடிக்கக் கூடாது என்று எழுதிப் போட்டால் அதை எவன் மதிப்பான்?

தவுக்கே வாயிலிருந்த ரோக்கோவை எடுத்தார். பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். "நல்லது லா! என் கடையிலும் அதையே மாட்டுகிறேன்" என்றார்.

"உங்க கடைக்கு வருகிறவர்களில் ஒருவருக்குக்கூடத் தமிழ் தெரியாதே?"

"அதுதான் லா இன்னும் நல்லது."

அந்த வாரமே ஐந்து பார்களிலும் சிவப்பு எழுத்தில் ஐந்து தமிழ்ப் பலகைகள் தொங்கின. கூடவே தடையை நீக்கச் சொல்லி ஒரு மனுவும் போட முடிவானது. மலாய் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான்தான் என்பதால் என் தலையில் கட்டினார்கள். நானும் உற்சாகமாக எழுதினேன். எங்கள் பார்களில் புகையைப் பற்றி வாடிக்கையாளர்களும் சரி, வேலையாட்களும் சரி, ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று ஒரு வரி. எழுதும்போதே நன்றாக அமைந்துவிட்டது என்று தோன்றியது. கீழே முதல் கையெழுத்து நான் போட்டேன், முழுப் பெயரும் படிக்கும்படி. மற்ற நால்வரும் கோழி கிளறியதுபோல் எதையோ கிறுக்கினார்கள். அதை நான் அன்று கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் நாங்கள்தான் ராஜா. சனிக்கிழமை மத்தியானம் பாயான் பாரு தொழிற்சாலைகளிலிருந்து வரும் பையன்கள் பலகையைப் பார்த்து, "அக்கா, உள்ள குடிக்கக் கூடாதாமே, அப்ப கிளாஸ வெளிய கொண்டு போகட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சோதனைக்கு வந்த மலாய் அதிகாரி பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். உள்ளே மேசைக்கு மேசை புகை எழுவதைப் பார்த்தார். "நாங்க எழுதிப் போட்டாச்சு துவான், இவங்க கேக்கலன்னா நான் என்ன செய்ய?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தவர் தமிழர். முப்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. பலகைக்குக் கீழே நின்று நிதானமாகப் படித்தார்.

"அக்கா, பார் வச்சுக்கொண்டு குடிக்கக் கூடாது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப லைசென்ஸ் என்னத்துக்கு?"

"ரோக்கோவச் சொல்றோம் தம்பி. ரோக்கோ குடிக்கிறதுன்னு சொல்லுவோமில்ல?"

"எங்கட வீட்டில பத்துறது எண்டுதான் சொல்லுவினம். எங்கட அப்பா சுருட்டுப் பத்துவார், தேத்தண்ணி குடிப்பார்." எனக்கு அந்தச் சொல்லே புதிது. பினாங்கில் இத்தனை வருஷம் இருந்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற தமிழன் வேறு சொல் வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே முனைப் பாரைக் கையால் காட்டினார். "அந்தத் தவுக்கேயின்ர கடையிலயும் இதேதான் தொங்குது. அங்க ஆருக்கக்கா தமிழ் தெரியும்?"

நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

பத்து நாளில் நகராண்மைக் கழகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. எனக்கு மட்டும். மனுவில் படிக்கக்கூடிய பெயர் என்னுடையது ஒன்றுதான். லைசென்ஸ் மாற்றல் விசாரணையும் மனு விசாரணையும் ஒரே நாளில் வைத்திருந்தார்கள். மனுவில் வேலையாட்களைப் பற்றி எழுதியிருப்பதால் ஒரு வேலையாளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். தவுக்கேயிடம் ஓடினேன். தைரியமாகப் போ, நாங்கள் எல்லாரும் உன் பின்னால் இருக்கிறோம் என்றார். ரொம்பத் தூரம் பின்னால் இருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆத்திரம் வந்தது. ஆனால் பயம் வரவில்லை. மலாயில் பேசி ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

எனக்கு இருந்த வேலையாள் ஒருத்தி. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரி ஏறி வருவாள். ஆறு வருஷமாகப் பின்கட்டில் கோழி பொரித்து, தட்டுகளை மேசைக்குக் கொண்டு வைக்கிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். தங்கச்சி என்று கூப்பிடுவேன். "சும்மா கூட வா. ஏதாச்சும் கேட்டா ஒண்ணும் பிரச்சினையில்லன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன்.

விசாரணை அறையில் அந்த யாழ்ப்பாணத்துத் தம்பியும் அவருடைய மேலதிகாரியான ஒரு மலாய் அம்மையாரும் இருந்தார்கள். தங்கச்சியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பலகையைப் பற்றி முதலில் கேட்டார்கள். நான் விளக்கினேன், டீ குடிக்கிறோம், கஞ்சி குடிக்கிறோம், ரோக்கோ குடிக்கிறோம் என்று. அந்தத் தம்பி தன் வீட்டுச் சொல்லையும் எடுத்துச் சொன்னார். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு அவர் மனுவை எடுத்தார். நான் ரசித்து எழுதிய அந்த வரியில் விரலை வைத்தார். "வேலையாட்களைக் கேட்டீர்களா?"

"கேட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

தங்கச்சியை உள்ளே கூப்பிட்டார்கள். இந்த மனு எழுதுவதற்கு முன் முதலாளி உன்னிடம் புகையைப் பற்றிக் கேட்டாரா என்று அம்மையார் மலாயில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஒண்ணும் பிரச்சினையில்லை என்று சொல்லத்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் கேள்வி வேறாக இருந்தது. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"என்னை யாரும் கேக்கல" என்றாள்.

அம்மையார் கோபப்படவில்லை. மனுவில் பொய் இருந்தால் அதை எழுதியவர் பெயரில் லைசென்ஸ் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், அரை மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள் என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்ன தங்கச்சி இப்படிச் செஞ்சிட்ட? லைசென்ஸ் போச்சுன்னா உனக்கும்தான் வேல போகும். உள்ள போயி, அக்கா கேட்டாங்க, பயத்துல மறந்துட்டேன்னு சொல்லு."

"சரிக்கா" என்றாள் உடனே. "சொல்லிர்றேன்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் இன்னும் அடங்காததால், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"கேட்டிருந்தா பரவால்லன்னுதான்கா சொல்லியிருப்பேன். நீங்கதான சம்பளம் குடுக்கிறீங்க?"

குத்திக்காட்டவில்லை அவள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டிருந்தாலும் அந்த வரி பொய்தான். ஆறு வருஷம் அவள் அந்தப் புகைக்குள் தட்டுத் தூக்கியிருக்கிறாள். நான் ரோக்கோ குடிக்கிறவள் இல்லை, சாயங்காலம் ஆனால் எனக்கே கண் எரியும், கல்லாவை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வேன். அவள் எங்கே போய் நிற்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"நீ வர வேணாம். இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். நான் வேலையாளைக் கேட்கவில்லை, அந்த வரி பொய் என்று மலாயில் சொன்னேன். பேனா வாங்கி மனுவில் என் பெயரை நானே அடித்தேன். மீதி இருந்த நான்கு கிறுக்கலும் யாருடையவை என்று அம்மையார் கேட்டார். அதை அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். லைசென்ஸ் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அது என் பெயரிலேயே வந்தது. தவுக்கே ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தார். எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. படியில் இறங்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள், "லைசென்ஸ் கெடைக்குமாக்கா?"

"கெடைக்காம எங்க போகும்?" என்றேன். அந்தக் குரலை எங்கிருந்து வரவழைத்தேனோ தெரியாது. இரண்டு படி இறங்கி நின்றேன். "தங்கச்சி, இப்பக் கேக்கிறேன். லைசென்ஸ் வந்தாலும் வராட்டியும் உன் சம்பளத்துக்கு ஒண்ணும் ஆகாது. பார் இல்லன்னா வேற எங்கயாச்சும் நானே சேத்துவிடுறேன். இப்பச் சொல்லு. அந்தப் பொக பரவால்லையா?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

"முடியலக்கா" என்றாள்.