ஒரே எலி, ரெண்டு குழாய்

"உன் மருமக என்ன வேலை பாக்குறா?" என்று யார் கேட்டாலும் மாமியார் பளிச்சென்று சொல்லிவிடுவார்: "காலேஜ் லேப்ல தையல் வேலை." பாவம், வேறென்ன சொல்வார்? ஆண் எலியின் விந்துக்குழாயில் நூல் கட்டுகிறாள் என்று தெருவில் தமுக்கடிக்கவா முடியும்? பஸ் ஓட்டும் கணவனும் நண்பர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். அவளுக்கு மட்டும் வெட்கமே கிடையாது. "தசைதானே, இதுல என்ன கூச்சம்?" என்பாள்.

விரல் நீளம்கூட வராத குழாய். ஒட்டிய கொழுப்பை நீக்கி, இரு முனையிலும் நூல் கட்டி, மருந்துச் சோதனைக்காக வெதுவெதுப்பான உப்புநீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட வேண்டும். பக்கத்துக் கம்பிகளில் மின்சாரம் கொடுத்தால் குழாய்ச் சுவரிலுள்ள நரம்பு நுனிகள் நார் அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும். தசை வெடுக்கென்று சுருங்கும். திரையில் கோடு எகிறும். உடம்புக்குள் விந்தை முன்னே தள்ளுவதும் இந்தச் சுருக்கம்தான். நம்மைக் கேட்டு நடப்பதில்லை. சுத்தம் செய்யும்போது இடுக்கி கொஞ்சம் அழுந்தினாலும் நரம்பு போச்சு. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையில் ஒன்றுகூட நசுங்கியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை கோடு எகிறவே இல்லை. மூன்று முறை மின்சாரம் கொடுத்தும் படுத்தே கிடந்தது. பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நரம்பை நசுக்கிட்டியேம்மா. உன் கை போச்சு. நாளையிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போ, இங்க வேற ஆள் வரட்டும்."

ஸ்டோர் ரூமா! அட்டைப்பெட்டி அடுக்கவா இத்தனை வருஷம் கண்ணைக் கசக்கிக் கற்றுக்கொண்டாள்? ஆனால் அழுகிற ரகமில்லை அவள்.

"பத்து நிமிஷம் குடுங்க சார். அப்புறம் பழியைப் போடுங்க."

குடுவையில் நேராக நார் அட்ரினலினை விட்டாள். கோடு குபீரென்று ஏறியது.

"பாருங்க, தசைக்கு உயிர் இருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்? தசை நல்லாருக்கு, நரம்புதான் செத்துப்போச்சு."

"செத்துச்சா, இல்ல யாராவது அதோட வாயை அடைச்சாங்களான்னு பாப்போம்."

எலிக்கு விந்துக்குழாய் இரண்டு. மற்றதையும் காலையிலேயே சுத்தம் செய்து, நூல் கட்டி, தனியாக உப்புநீரில் போட்டு வைத்திருந்தாள். அதை இரண்டாம் குடுவையில் தொங்கவிட்டு, அதே அளவு மின்சாரம் கொடுத்தாள். அப்பாடா! கோடு திரையின் உச்சியைத் தொட்டு இறங்கியது. அடுத்த முறையும் தொட்டது.

அவள் முதல் குடுவையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். மருந்து போட்டவர் குடுவையை ஏழு தடவை கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் சீட்டில் ஒரு கோடு போட வேண்டும். லேபில் அவள் வைத்த சட்டம் அது. சீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி, நரம்பு சுரப்பதைத் தடுக்கும் மருந்தின் பெயர். கீழே இரண்டே கோடு. எழுத்து பேராசிரியருடையது.

அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். "இந்த ரெண்டு குழாயையும் சுத்தம் பண்ணினது..."

"ரெண்டும் இந்தக் கைதான் சார். ஸ்டோர் ரூமுக்கு எந்தக் கையை அனுப்பட்டும்?"

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குடுவையோடு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அவள் பக்கத்தில் நின்று, ஏழு வரைக்கும் சத்தமாக எண்ணினாள்.