ரஹ்மத் அக்கா தைத்த சேணம்

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. பழைய தெருவிலிருந்து வந்த பூக்காரம்மா, "சேணக்கார அக்கா போயிட்டாங்களே, உனக்கு யாரும் சொல்லலையா? நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மகன் வீட்டோடு வேங்கிக்காலுக்கு வந்த பிறகு, எனக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குதிரை வண்டி ஸ்டாண்டில் ரஹ்மத் அக்காவை அறியாதவர்கள் கிடையாது. புருஷன் போன பிறகு அவருடைய ஊசியை எடுத்துக்கொண்டு சேணம் தைக்க உட்கார்ந்தவர். அளவெடுக்க வந்தால் முதலில் குதிரையிடம்தான் பேசுவார். "வண்டி உன்னுது, முதுகு அதோடதுப்பா" என்று வண்டிக்காரர்களை அதட்டுவார். சேணத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிரித்து மறுபடி தைப்பார்.

எழுபதுகளில் ஒரு கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால், எங்கள் வண்டி இழுத்த மட்டக்குதிரை மல்லிக்குப் புதுச் சேணம் தைத்துக் கொடுத்தார். அது விறைப்பாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் அஞ்சாவது வரை படித்தவள், ஸ்டாண்டுக்கே பேப்பர் படித்துச் சொன்னவள்; எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. யாரையும் கேட்காமல் என் ஊதாச் சேலையைக் கிழித்து, நாலாக மடித்து, சேணத்தின் அடித்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். பிள்ளைக்குத் தொட்டிலில் துணி விரிப்பதுபோல.

பத்தே நாளில், சேணத்தைக் கண்டாலே மல்லி காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. என் வீட்டுக்காரரின் தோளைக் கடித்துவிட்டது. "இனிமே இது வேலைக்காவாது. கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தரு கேக்கறாரு, குடுத்துடப் போறேன்" என்றார். ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தேன்.

மல்லி அடி அண்ணாமலைக்குச் சவாரி போய்த் திரும்பிய நேரம். அக்கா சேணத்தைக் கழற்றச் சொன்னார். முதுகெல்லாம் நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தது.

"வேர்வை வராத எடத்துலதான் நெருக்குது" என்றவர், சேணத்தின் அடியில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. தையல் விட்ட ஓரத்தில் ஊதாக் கரை தெரிந்தது. போன ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்கு நான் கட்டிக்கொண்டு போன சேலை. என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னாக்கா, சேணம்தானா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாம்பா, என் கைதான் தப்பிடுச்சு. நார் ஜாஸ்தி திணிச்சுட்டேன். மெத்தை ஜாஸ்தியானா எடம் கம்மியாவும். குதிரைய விக்காத, எட்டு நாள் சும்மா விடு."

"உங்க கையே தப்புனா நாங்க எங்கக்கா போறது?" என்று சிரித்தார். சிரிப்போடு விடவில்லை, ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். அந்த வருஷம் இரண்டு பேர் தங்கள் சேணத்தைத் தைக்க அவரிடம் வராமல் வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அதன் பிறகு மல்லி யாரையும் கடிக்கவில்லை. நெருக்கிய இடத்தில் மட்டும் வெள்ளை முடி முளைத்தது. அதைத் தேய்த்துவிடும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒருநாள் அக்காவிடமே, "அந்தச் சேலை..." என்று ஆரம்பித்தேன். "எந்தச் சேலை? டீ ஆறுது, குடி" என்றார்.

மல்லி செத்தது. வீட்டுக்காரரும் போனார். மல்லி என்று சொன்னால், எந்த மல்லி என்று கேட்காத ஒரே ஆள் அக்காதான். இப்போது அவரும் இல்லை. பேத்தி பத்தாவது படிக்கிறாள், எங்கள் வம்சத்திலேயே முதல் ஆள். அக்காவைப் பற்றி நான் சொல்லச் சொல்லத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். இதை நான்தான் எழுத வேண்டும் என்றேன்.

ஸ்டாண்டில் அவரைத் தெரிந்தவர்களே, ரஹ்மத் அக்காவின் கை தப்பவில்லை. தப்பு என்னுடையது. சேணத்தைப் பிரித்துத் தைத்தபின் அவர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஊதாத் துணி என்னிடம் இருக்கிறது. இன்றுவரை துவைக்கவில்லை. மல்லியின் செம்பட்டை முடி அதில் ஒட்டியிருக்கிறது. அதைக் கையில் கொடுத்தபோது அக்கா சொன்னது ஒன்றுதான்:

"நல்ல சேலைம்மா, இப்படிக் கிழிச்சுட்டியே."