பனைமரம் முழுகும் பள்ளம்

நாகமுத்துவின் மகள் செங்கம்மாளுக்குப் பத்து மாதம். நிற்கவே தெரியாது, நீந்தப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் அப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறி, பொன்னேரியில் மாறி, பழவேற்காட்டு ஏரியில் இறக்குவான். அவள் முதுகில் மிதப்புக்கு ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கும்.

"இன்னா நைனா, பல்லே மொளைக்கல, அதுக்குள்ள டிரெய்னிங்கா?" என்பான் ஆலையில் கூட வேலை செய்யும் யேசுதாஸ்.

நாகமுத்து குடுக்கைக் கயிற்றை இறுக்கிக் கட்டுவான். ஏரியில் வலை போட்ட குடும்பம். எழுபதாம் வருஷத்தில்தான் இரும்பு ஆலைக்கு வந்தான். மூத்தவன் கலியனுக்கு மூன்று வயதானபோது, நீச்சல் பழக்கச் சொன்னாள் மனைவி ரத்னா.

"மீன் புடிக்கிறவன் புள்ளைக்கு நீச்சல் கத்துக் குடுப்பாங்களா? ரத்தத்துலயே கீதுடி."

ரத்தத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண்ணெடுத்த பள்ளம் மழையில் நிரம்பியிருந்தது. நாகமுத்து ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பிள்ளையை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. பழுத்த இரும்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கும்போது குமிழி எழும், முகத்தைத் திருப்பிக்கொள்வான். கேட்டவர்களிடமெல்லாம், "பனைமரம் முழுகும் அந்தப் பள்ளத்துல" என்று சொன்னான். இறங்கிப் பார்க்காதவன்தான் சொன்னான், பிள்ளையைக் கொடுத்தவனாயிற்றே என்று எல்லோரும் நம்பினார்கள்.

செங்கம்மாள் காலை உதைத்து மிதந்த அன்று, பட்டம் வாங்கியவனைப்போல வீட்டுக்கு வந்து சொன்னான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த ரத்னா நிமிரவில்லை.

"ஏரி உப்புத்தண்ணி. யாரையும் தூக்கும்யா. ஊட்டாண்ட கீற தண்ணி தூக்கலியே."

அடுத்த ஞாயிறு அவன் பஸ் ஏறவில்லை. குடுக்கையைக் கட்டினான். ரத்னா கை நீட்டினாள், அவன் குழந்தையைக் கொடுக்கவில்லை. பள்ளத்துக்கு நடந்தான், ரத்னாவும் யேசுதாஸும் பின்னால் போனார்கள்.

"பாத்துய்யா, பனைமரம் முழுகும்னியே!" என்று கரையிலிருந்து கத்தினான் யேசுதாஸ்.

குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினான். இதோ, அடுத்த அடியில் தரை போய்விடும் என்று மூச்சை அடக்கினான். நடுப்பள்ளம் வந்தது. எதிர்க்கரையும் வந்துவிட்டது.

தண்ணீர் எங்குமே அவன் இடுப்பைத் தாண்டவில்லை.

திரும்பி நடுவுக்கு வந்து செங்கம்மாளை இறக்கினான். மிதந்தாள். தண்ணீரை அறைந்து சிரித்தாள். ஒரு கை அவள் வயிற்றுக்கடியில் இருக்க, அவன் கால்கள் மட்டும் சேற்றில் துழாவின.

"இன்னாய்யா தேடுற?" என்றாள் ரத்னா, கரையிலிருந்து.

"இங்கதான் எங்கனா ஆழம் இருக்கணும்" என்றான்.

அவன் துழாவிக்கொண்டேயிருந்தான்.