பின்சக்கரத்துக்கு முப்பத்தாறு

என் காரில் ஏற வருகிற ஆண்களில் பாதிப்பேர் முதலில் டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "காத்து கூடுதலா இருக்கே" என்பார்கள். காலிலேயே காற்றளவு பார்க்கும் கேஜ் வைத்துக்கொண்டு பிறந்தவர்கள் போல.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் சித்தப்பா, அய்யாவின் உடன்பிறந்த தம்பி. தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் வேன் ஓட்டியவர். மணலில் காற்றைக் குறைத்தால்தான் டயர் அகலமாக உட்கார்ந்து புதையாமல் ஓடும். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிறகு தார் ரோடு வந்தது, வேன் பிழைப்பு போனது, மனிதர் கமுதிப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பி மிளகாய் போட ஆரம்பித்தார். மணலில் படித்த பாடத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. வெயிலில் காற்று பெருக்கும், பெருத்தால் டயர் வெடிக்கும், அதனால் கோடையில் காற்றைக் குறைக்க வேண்டும். இதுதான் அவர் சட்டம். ஊரே அதற்குத் தலையாட்டியது.

நான் ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போய் வாசலில் வண்டியை நிறுத்தினால், நான் கை கால் கழுவி வருவதற்குள் சித்தப்பா வால்வில் பைக் சாவியின் முனையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். ஸ்ஸ் என்று சத்தம் வரும். திரும்பும்போது பங்ச்சர் கடையில் நிறுத்தி, வாயைத் திறக்காமல் மறுபடி அடித்துக்கொள்வேன். பல வருஷம் இப்படித்தான் ஓடியது. பெரியவரோடு எதற்கு வம்பு என்று அம்மா சொல்லிச் சொல்லியே என் வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

அய்யா இருந்தபோதே ஒரு கோடையில் மிளகாய் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பரமக்குடிக்குப் போனோம். அவசரத்தில் நான் காற்றைப் பார்க்கவில்லை, சித்தப்பா பார்த்து இறக்கிவிட்டிருந்தார். பாதி வழியில் பின்டயர் பக்கவாட்டில் கிழிந்து, வண்டி கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கித் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை, ரப்பர் கருகிய நாற்றம். காற்று குறைந்த டயர் சுற்றுக்குச் சுற்று மடங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் சூடாகிறதே, அதே மாதிரிதான் இதுவும் சூடாகும். வெயில் பாதி, மடிப்பு பாதி. இதை நான் அங்கேயே நின்று சொன்னேன். கூடி நின்றவர்கள் கேட்டுவிட்டு, "ஒஞ் சித்தப்பா சொல்லு தப்பாதுத்தா. இன்னுங் கொஞ்சம் கொறச்சிருக்கணும்" என்றார்கள். இவர்களோடு என்ன பேச?

அய்யா ஒருவர்தான் என் வண்டியில் நிம்மதியாக உட்காருவார். முன்சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டதும் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். சித்தப்பாவோ மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடி, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

அய்யா இறந்துபோனார். தலைத்திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் விடுவதாக முடிவாயிற்று. நான் ஒரே பெண், ஆண்பிள்ளை கிடையாது. அதனால் சித்தப்பாதான் செய்ய வேண்டும். அம்மா, சித்தி, அத்தை, சித்தப்பா என்று வண்டி நிறைய ஆள். டிக்கியில் மாற்றுத்துணி மூட்டையும் புளிச்சோற்றுத் தூக்குகளும். விடிவதற்குள் எழுந்து, டயர் ஆறிக் கிடக்கும்போதே கேஜ் வைத்துப் பார்த்தேன். என் வண்டியின் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. ஆள் குறைவாகப் போனால் நான்கு சக்கரத்துக்கும் காற்று முப்பத்துமூன்று. ஆளும் சாமானும் நிறைந்தால் பின்சக்கரங்களுக்கு முப்பத்தாறு. அப்படியே வைத்தேன். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது, "பின்னால முப்பத்தாறு வச்சாச்சு, ஏறுங்க சித்தப்பா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

பாம்பன் பாலம் தாண்டி, கூட்டத்தில் ஊர்ந்து, கடற்கரைக்குத் தள்ளி ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். எல்லோரும் தண்ணீரைப் பார்க்க நடந்தார்கள். எள் பொட்டலத்தை வண்டியிலேயே மறந்துவிட்டது நினைவு வந்து திரும்பினேன். சித்தப்பா பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார். கையில் சாவி. ஸ்ஸ்.

என் கேஜையே எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். "பாத்தியா ஏத்தா, நாப்பது காட்டுது. முப்பத்தாறுன்னு சொன்ன? வெடிச்சா எல்லாரும் சேந்து அய்யாகிட்டத்தான் போவணும்."

"ஓடி வந்த டயரு நாப்பதுதான் சித்தப்பா காட்டும். ஆறுனா முப்பத்தாறுக்குத் தானா எறங்கிரும். இப்ப எறக்கிவிட்டா ஆறுனப்புறம் என்ன இருக்கும்? அன்னைக்கு பரமக்குடி ரோட்ல கிழிஞ்சது இதாலதான்."

"நான் வேன் ஓட்டறப்ப நீ தவந்துக்கிட்டு இருந்த."

"நீங்க ஓட்டுனது மணலு."

டிக்கியிலிருந்து என் சின்னப் பம்பை எடுத்தேன். காரிலேயே சொருகி அடிப்பது. டிராக்டர் மாதிரி இரைச்சல் போடும். அவர் கண் முன்னால் குழாயை மாட்டி, அவர் கை வைக்காத அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குச் சரியாக வரும்வரை ஓடவிட்டேன். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே. கள்ளத்தனமாக அடித்துக்கொண்டது போதும் என்று இருந்தது எனக்கு.

சித்தப்பா முகம் கறுத்துப்போனது. "அப்ப ஒண்ணு செய்யி. காத்த நான் வச்சபடி விடு. இல்லன்னா நான் எள்ளு எறைக்க வரல. ஒங்க அய்யாவுக்கு எவன் செய்றான்னு பாப்போம்."

தேடிக்கொண்டு வந்த அம்மா காதில் இது விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுத் தொலையேன்டி. அவரு ஆசைக்கு எறக்கட்டும், போறப்ப கடையில அடிச்சுக்கலாம். ஒங்க அய்யா தாகத்தோட நிக்கிறாருடி."

அந்தச் சொல் குத்தியது. விட்டுக்கொடுத்திருக்கலாம், காற்றுதானே. ஆனால் இன்றைக்கு இறக்கினால் நாளைக்கும் இறக்குவார், இவ்வளவு பேரை வைத்து ஓட்டுகிறவள் நான்தான் என்பது அவருக்கு ஒரு நாளும் உறைக்காது. "அய்யாவுக்கு நான் செய்றேம்மா" என்றேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கரையில் வரிசையாக உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஐயர் என்னைப் பார்த்து, "ஆம்பளை யாரும் வரலையா?" என்றார். "மக இருக்கேன்" என்றேன். என் பின்னால் நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அமாவாசை அன்று சாத்திரம் பேச அவருக்கு ஏது நேரம்? "உட்காரும்மா" என்று தர்ப்பையை நீட்டினார்.

அப்பா பேர் கேட்டார், சொன்னேன். தாத்தா பேர் கேட்டார், சொன்னேன். "தாத்தாவோட அப்பா?"

எனக்குத் தெரியவில்லை. ஒருவரும் சொல்லித்தந்ததில்லை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். உள்ளங்கையில் எள் ஒட்டிக்கொண்டிருந்தது. டயர் கணக்கு முழுக்கத் தெரிந்தவளுக்கு அய்யாவின் தாத்தா பேர் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐயர் மறுபடியும் கேட்டார்.

பின்னாலிருந்து அந்தப் பேர் வந்தது. சித்தப்பா. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். என்னை எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். ஐயர் இன்னொரு தர்ப்பையை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீர் விட்டோம்.

குளித்து, சாப்பிட்டு, கிளம்ப வெகுநேரமாயிற்று. வண்டிக்கு வந்ததும் சித்தப்பா வழக்கம்போலப் பின்சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். என்னைப் பார்த்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். முன்சீட்டில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பாலத்தில் பிரேக் மிதித்தார். மண்டபத்திலும் மிதித்தார். உச்சிப்புளி வருகிற நேரத்தில் பக்கத்திலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குறட்டை. இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. பின்சீட்டில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். சித்தப்பாவின் கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது.

நாளைக்கு மறுபடி சாவியோடு வருவார். வரட்டும். பம்பு டிக்கியில்தான் இருக்கிறது.