கடல் தாண்டிய கீச்சுக்குரல்

தென்காசிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த குத்தாலிங்கத்துக்கு ஆண்டவன் நல்ல உயரத்தையும் முறுக்கு மீசையையும் கொடுத்துவிட்டு, குரலை மட்டும் ஏதோ பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான். அலுவலக டெலிபோனை அவர் எடுத்தால் மறுமுனை, "அம்மா, மானேசர் இருக்காரா?" என்றுதான் கேட்கும். சுரண்டை அரிசி வியாபாரி ஒருவர் பொங்கலுக்கு அந்த அம்மாவுக்கென்று வளையலே கொடுத்தனுப்பினார். அதை மனைவி சண்முகசுந்தரி கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே 1959இல், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுவதற்கு லைசென்ஸ் வாங்கியபோது, கடல் தாண்டிப் பேச வேண்டும் என்பதோடு ஆண்பிள்ளைக் குரலில் பேச வேண்டும் என்ற ஆசையும் அவருக்குச் சேர்ந்தே இருந்தது. சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில், பேசவும் கேட்கவும் ஆன ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி வந்து மாடியறையில் வைத்தார். தென்னைமரத்துக்கும் மொட்டைமாடிச் சுவருக்கும் நடுவே ஏரியல் கம்பி இழுத்தார். பெட்டிக்கு மதுரைக்கு மேல் மூச்சு இல்லை. அங்கிருந்து பதில் சொன்ன ஒரே ஆளும், சகோதரியின் இங்கிலீஷ் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

குத்தாலிங்கம் பெட்டியைப் பிரித்தார். பேச்சு தொலைதூரம் போக, லைசென்ஸ் அனுமதித்த அளவுக்குள் பெரிய வால்வாகப் பார்த்து மாட்டி, அதற்குத் தீனி போடக் கனத்த டிரான்ஸ்பார்மரும் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். மைக்கிலிருந்து வரும் கீச்சையெல்லாம் வழியிலேயே மடக்கிவிட்டுக் கனத்த ஒலியை மட்டும் அனுப்பும்படி ஒரு கண்டன்சரையும் சேர்த்து வைத்தார்.

மறுநாளே பக்கத்து வீட்டுப் பலவேசம் அண்ணாச்சி வந்து நின்றார்.

"தம்பி, பாட்டுக் கேக்கலாம்னு ரேடியோவத் திருப்புனா உள்ள எருமை கத்துது. என்னன்னு பாருங்க."

குத்தாலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எருமைக்கடாதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே, பாட்டு நேரத்தில் இனிப் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசியிலும் சாரல் தெறித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய கூப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது. குத்தாலிங்கம் மீசையை நீவிக்கொண்டார். ஊரையும் பேரையும் நெஞ்சிலிருந்து முழங்கினார். எதிர்முனைக்காரர் நல்ல மனிதர். சத்தம் பலமாக வருகிறது, ஆனால் யாரோ அண்டாவுக்குள் உட்கார்ந்து உறுமுவதுபோல் இருக்கிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவேன் என்றார்.

கண்டன்சரை எடுத்தால் பேச்சுப் போய்ச் சேரும். ஆனால் அந்தக் குரலில் அல்லவா போய்ச் சேரும்? எடுக்காவிட்டால் வந்த ஆள் போய்விடுவார். மீசை வைத்த மனிதருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பெட்டியை அணைத்தார். கண்டன்சரைக் குறட்டால் நறுக்கி எறிந்தார். மறுபடியும் போட்டு, ஊரைச் சொல்லி, இப்போது கேட்கிறதா என்றார்.

"இப்ப வடிவா விளங்குது, ஒரு சொல்லும் தப்பேல்லை," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா, முந்திக் கதைச்சவர் உங்கட வீட்டுக்காரரோ?"

விளக்கம் சொல்லலாம்தான். அதற்குள் அந்தப் பக்கத்துச் சத்தம் தேய ஆரம்பித்துவிட்டது. குத்தாலிங்கம் மைக்கை அருகே இழுத்தார்.

"ஆமா தம்பி. அவரு இங்கனதான் இருக்காரு. தென்காசியில இருந்து குத்தாலிங்கம் பேசுனதா உங்க நோட்டுல எழுதிக்கிடச் சொல்லுதாரு."

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சண்முகசுந்தரி காப்பி டம்ளரோடு எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

"அப்படியே அவருக்குக் காப்பி ஆறுதுன்னும் சொல்லிருங்க," என்றாள்.

குத்தாலிங்கம் அதையும் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரிப்பது தெளிவாகக் கேட்டது.