எல்லைக்கல்லை நகர்த்தியவன்

எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டவன் நான்தான்.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எந்த அலுவலகத்திலும் இல்லை என்ற தைரியத்தில்!

காரைக்கால் மாவட்டத்தின் கடைசி ஓரத்தில் என் வயல். பக்கத்தில் எல்லையைத் தாண்டி ஓடும் வடிகால் வாய்க்கால், அதன் கரையில் எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் எங்கள் புதுச்சேரி அரசு, அந்தப் பக்கம் தமிழ்நாடு. தூர் வாரச் சொன்னால் இவன் அவனைக் காட்டுவான், அவன் இவனைக் காட்டுவான். எரிச்சல்! இந்தக் கல் நகர்ந்தால் எந்த அரசாங்கத்துக்கு முதலில் வலிக்கும்?... பார்த்துவிடலாமே என்றுதான் கடப்பாரையால் நெம்பி, எங்கள் பக்கம் தள்ளி நட்டேன்.

ஒருவனும் கேட்கவில்லை.

பிறகு பொக்லைன் வந்தது. எங்கள் ஆட்கள் கல்லைப் பார்த்துத் தோண்டி, கல்லோடு நிறுத்தினார்கள். தமிழ்நாட்டு ஆட்கள் வரைபடத்தைப் பார்த்துத் தோண்டி, பழைய எல்லையோடு நிறுத்தினார்கள். நடுவில் ஒரு துண்டு வாய்க்கால்... ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. நான் உண்டாக்கிய தனி நாடு!

அதன் கரையில்தான் ராசாத்தி அக்காவின் வயல். ஐப்பசி மழை வடியவில்லை. நட்ட பயிர் அழுகிப்போனது. என் வயல் மேடு, தப்பித்தது.

"தண்ணிக்கு எந்த ஊரு ரேஷன் கார்டுன்னு கேப்பானுவ போலருக்கு, தம்பி!" என்றாள் அக்கா. சிரித்தேன். அவளோடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போனேன். மேசையைத் தட்டிக் கத்தியதும் நான்தான்!

"கல்லைத் தாண்டுனா எங்களுது இல்லைங்க" என்றார் அதிகாரி.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. அடுத்து என்ன சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என்ன பிறவி நான்?

ஒருநாள் கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிடலாம் என்று கடப்பாரையோடு போனேன். கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள் அக்கா.

"ரெண்டு கவர்மெண்டும் கைய விரிச்சிட்டானுவ. இந்த எல்லைச்சாமியாவது பாக்கட்டும். நீயும் கும்பிட்டுக்க."

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

இந்த ஆண்டும் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிக் கல்லை வணங்கிவிட்டு, அங்கேயே வண்டியைத் திருப்பினார். அக்கா மறுபடியும் நாற்று விட்டிருக்கிறாள்.

நேற்று கேட்டாள்: "சாமிக்கு ஒரு பேரு வைக்கணும். என்ன பேரு வைக்கலாம், தம்பி?"

என் பெயர் நாக்கு நுனிவரை வந்தது...

"நீயே வை அக்கா" என்றேன்.