பெரிய வீட்டுக்குப் போன பக்கம்

எங்கள் ஊர் பழுகாமத்துக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் இருந்தது. வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த சித்தி, இலவசமாக இடம் கொடுத்த ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் அதைத் தொடங்கியிருந்தாள். கோயில் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல்கள், அடியில் யாரும் எழுதக்கூடிய ஒரு விருந்தினர் ஏடு. கட்டாரில் லொறி ஓட்டிய அப்பா, வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஏட்டில் அம்மாவுக்கு எழுதுவார். இங்கே தயிர் வாங்கினேன், உன் கை படாத தயிரை என்னவென்று சாப்பிடுவது என்று ஒருமுறை எழுதினார். ஊரே அதை வாசிக்கும் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. கிணற்றடியில் பெண்கள் அம்மாவிடம் தயிர் கேட்டே உயிரை எடுத்தார்கள். தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்று அம்மா அவரிடம் மூச்சு விடவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு போய், காசுக்கு இணையம் பார்க்க விடும் கொமினிகேஷன் கடையில் பக்கத்தைத் திறந்தால், உச்சியில் ஆங்கிலத்தில் நீளமாக ஓர் அறிவித்தல். சித்திக்குக் கம்பஸில் பரீட்சை நேரம். வீட்டில் அடுத்த ஆங்கில மேதை நான்தான்.

"என்ன மகள் எழுதி இரிக்கு?"

முதல் வரியை வாசித்தேன். பெரிய கம்பெனி ஒன்றின் குடும்பத்தில் சேருகிறோம், மகிழ்ச்சியோடு அறிவிக்கிறோம் என்றிருந்தது. எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

"கலியாணம் மாதிரித்தான் அம்மா. சாமானெல்லாம் எடுத்திட்டுப் பெரிய ஊட்டுக்குப் போகுதாம்."

"அப்பா எழுதினதும் போகுமா?"

"ஓம், எல்லாம் போகும்."

வேண்டியதைப் படியெடுக்க ஒரு மாதம் தருவதாகக் கீழே இருந்ததாம். அந்த வரிவரை நான் போகவில்லை. பரீட்சை முடிந்து சித்தி வந்து பார்த்தபோது அந்த ஒரு மாதம் கடந்து, பக்கமே இல்லை. சின்னக் கம்பெனியை விலைக்கு வாங்கிய பெரிய கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. சித்தி என்னைக் குட்டவில்லை, குட்டியிருக்கலாம்.

பிறகு அப்பாவும் எல்லோரையும் போல ஒரு பெரிய கம்பெனியின் செயலியில்தான் கூப்பிட்டார். சாப்பிட்டீங்களா, மழையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு வருடத்தில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

அவர் வந்த பிறகும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கம் திரும்ப வந்திட்டா எண்டு ஒருக்காப் பாரு மகள்."

"அப்பாதான் வந்திட்டாரே அம்மா."

அப்பா முற்றத்தில் இருந்தபடி, அம்மா உறைய வைத்த தயிரை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் வீட்டில் இருக்க, அம்மா யாரைத் தேடுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.